ஏலியின் செவியும் பாட்டியின் பாட்டும்

1. ஆலய வாசலில் ஒரு பிழை

சீலோவிலே அன்னாள் வாய்விட்டுப் பேசாமல் தன் உள்ளத்துக்குள்ளேயே மன்றாடிய வரலாற்றை நாம் அனைவரும் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். பிள்ளையில்லாக் குறையோடு வந்தவளின் விசுவாசத்தைப் பாராட்டுகிறோம். சாமுவேலின் பிறப்பை நோக்கி விரைந்து செல்கிறோம். இடையில் அமர்ந்திருக்கும் ஏலியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவன் அன்னாளைக் காணாதவன் அல்லன், கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தவன். எனினும் கண்டதைத் தவறாக விளங்கிக்கொண்டு, அவள் மதுவுண்டு மயங்கியிருப்பதாக எண்ணிக் கடிந்துகொண்டான். அவனிடம் கொடுமை இல்லை. அவள் உண்மையை எடுத்துரைத்தவுடன் ஆசி கூறி அனுப்புகிறான். அவனிடம் இருந்தது செவியின் குறை. உரத்த வேண்டுதலையும் உரத்த அழுகையையும் கேட்டுப் பழகிய ஆசாரியச் செவிக்கு, இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று இருக்கக்கூடும் என்பது தோன்றவில்லை.

ஒடுக்கப்பட்ட மக்களின் இசையைக் கேட்பதில் நம் சபைகளும், நம் இறையியற் கல்லூரிகளுங்கூட, ஏலியின் நிலையிலேயே இருக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு. அம்மக்களின் பாட்டு ஓலமாக இருக்கவேண்டும், அன்றேல் போர்முழக்கமாக இருக்கவேண்டும் என்று நாம் வகுத்து வைத்திருக்கிறோம். ஓலமாயின் இரங்குகிறோம். போர்முழக்கமாயின் அஞ்சுகிறோம், அல்லது கைதட்டுகிறோம். ஆனால், ஒடுக்குவோனை நோக்காமல், தன்னோடும் தன் முன்னோரோடும் தன் கடவுளோடும் மனிதர் பேசிக்கொள்ளும் உள்ளறை ஒன்று அப்பாட்டுகளில் உண்டு. அவ்வறையைக் காத்துக்கொள்வதே ஓர் எதிர்ப்பு; ஒருவேளை எதிர்ப்புகளுக்கெல்லாம் வேரான எதிர்ப்பு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸோல், ஹிப்-ஹாப் இசைகளையும், அவற்றோடு உறவுடைய நம் நாட்டுத் தலித் பாடகர் ஒருவரின் பாடல்களையும் அருகருகே வைத்து இதனை ஆராய முற்படுகிறோம்.

2. காஞ்சியில் கேட்கும் ஓசைகள்

நாம் வாழும் காஞ்சிபுரம் பல ஓசைகள் உடைய ஊர். விடியலில் கோயில் மணிகள் கேட்கும். வைகாசியில் வரதராசப் பெருமாள் கருடசேவைக்கு எழுந்தருளும்போது நாதசுரமும் தவிலும் வீதியை நிறைக்கும். நெசவுத் தெருக்களில் நுழைந்தால் குழித்தறியின் மிதியும் நாடாவின் ஓட்டமும் ஒருசீராக ஒலிக்கும். காஞ்சிப் பட்டின் சிறப்பாகிய கோர்வையில் உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. துணைக்கு ஒருவர் அமர்ந்தாலன்றி அத்தறி ஓடாது. சேலையை உடுத்துபவருக்கு நெய்தவர் பெயரே தெரியாதபோது, துணைக்கு அமர்ந்தவர் பெயர் எங்ஙனம் தெரியும்?

தாளத்தை மதிக்கத் தெரிந்த ஊரும் இதுவே. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) மிருதங்கம், கஞ்சிரா, கடம் முதலிய தாளக்கருவிகள் பல சூழ அமர்ந்து, கடினமான லயக் கணக்குகளைப் பாடிக் காட்டியதை இசையுலகம் இன்றும் பெருமையோடு பேசுகிறது. அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள், ராகம் தானம் பல்லவி பெண்களுக்குரியது அன்று என்றிருந்த மேடையில் அதனைப் பாடி அக்கருத்தைப் பொய்யாக்கினார். ஆனால் அதே லய நுட்பம் ஊருக்கு வெளியே, தீயில் காய்ச்சிய தோலின்மேல் அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் பட்டு எழுந்தபோது, ஊர் அதனைச் சாவோசை என்றும் தீட்டு என்றும் ஒதுக்கியது. பறை முழங்கினால்தான் ஊரில் பிணம் எழும். முழக்கியவனோ ஊருக்குள் நுழையலாகாது. ஆகவே பறையடிக்க மாட்டோம் என்று மறுத்துப் பல சிற்றூர்களில் மக்கள் அடிபட்டார்கள். அங்கே எதிர்ப்பு முழக்கமாக வரவில்லை. முழக்காத மௌனமாக வந்தது.

இவ்விடத்தில் நம்முடைய பிழையொன்றையும் அறிக்கையிடவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், காஞ்சிக்கு அடுத்த ஒரு கிராமச் சபையில் நாம் ஊழியம் செய்த நாட்களில், முதிய தாய் ஒருத்தி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். வாழ்நாளெல்லாம் அயலார் கழனியில் நாற்று நட்டவள். நாம் சென்றபோது வாசலில் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவ அடக்க ஆராதனையில் இவை ஆகா என்றோம். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பறை நின்றது; ஒப்பாரி அடங்கியது. கீர்த்தனை பாடி, உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்து, அடக்கத்தை முடித்துத் திரும்பினோம்.

மறந்து வைத்துவிட்ட குடையை எடுக்க இருட்டிய பின் அவ்வீட்டுக்குச் சென்றோம். விளக்கில்லாத திண்ணையில் நான்கைந்து பெண்கள் நெருங்கி அமர்ந்து மிகத் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். இறந்தவள் வைத்த முருங்கை மரமும், அவள் வளர்த்த வெள்ளாடும், பேரனுக்கு அவள் இட்ட செல்லப்பெயரும் அப்பாட்டில் வந்தன. நம்மைப் பழிக்கும் சொல் ஒன்றும் அதில் இல்லை. நம்மைப் பற்றிய நினைவே அதில் இல்லை. பழைய பழக்கம் இன்னும் போகவில்லை என்று அன்று நாம் மனத்தில் குறித்துக்கொண்டோம். ஏலி குறித்துக்கொண்டதும் ஏறக்குறைய இதுவே அன்றோ?

3. கடல் கடந்த உறவினர்

கறுப்பின மக்களின் இசையைப் பற்றி இறையியலாளர் எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஜேம்ஸ் கோன் 1972-இல் வெளியிட்ட நூலில், அடிமைக்கால பக்திப் பாடல்களையும் புளூஸ் இசையையும் ஒரே மக்களின் ஒரே வாழ்விலிருந்து பிறந்தவையாகக் கண்டு, அவற்றில் விடுதலையின் கடவுளைக் கேட்டார். வெள்ளையர் இறையியல் அப்பாடல்களை மறுவுலக ஏக்கம் என்று ஒதுக்கியிருந்த நிலையில், கோனின் குரல் இன்றியமையாததாக இருந்தது. நம் தலித் இறையியலுக்கும் அவர் முன்னோடிகளுள் ஒருவர்.

எனினும் கோனுக்கு முன்னரே, 1945-இலும் 1947-இலும், இப்பாடல்களைப் பற்றிச் சிறு நூல்கள் எழுதிய மற்றொருவர் உண்டு. அவர் ஹோவர்டு தர்மன் (1899–1981). 1935–36-இல் கறுப்பின நட்புறவுக் குழு ஒன்றை நம் நாட்டுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் அழைத்து வந்தவர் அவர். 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியடிகளைக் கண்டபோது, அடிகளின் வேண்டுகோளுக்கு இணங்கி அக்குழுவினர் அடிமைக்காலப் பாடல்களைப் பாடினர். தர்மன் கோனைப் போல முழங்கும் இறையியலாளர் அல்லர். சுவரோடு சுவராக நெருக்கப்பட்ட மனிதனுக்கு இயேசு என்ன சொல்கிறார் என்பதே 1949-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூலின் கேள்வி. அச்சமும் வஞ்சகமும் பகையும் அம்மனிதனின் உள்ளத்தை ஆள விடாமல் காப்பதே விடுதலையின் தொடக்கம் என்று அவர் விடை கூறினார்.

இவ்விடையை அவர் கல்லூரியில் மட்டும் கற்கவில்லை. தம் பாட்டியிடமே கற்றார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற நான்சி அம்புரோஸ் என்னும் அவ்வம்மையார்க்கு எழுத்தறிவு இல்லை. பேரனே அவருக்கு வேதம் வாசிக்க வேண்டும். சங்கீதங்களையும் ஏசாயாவையும் சுவிசேஷங்களையும் விரும்பிக் கேட்ட அவர், பவுலின் நிருபங்களை மாத்திரம் வாசிக்க விடுவதில்லை. அன்பைப் பற்றிய அதிகாரம் ஒன்றே எப்போதாவது விலக்குப் பெறும். பல ஆண்டுகள் கழித்துப் பேரன் காரணம் கேட்டபோது உண்மை வெளிப்பட்டது. அடிமைக் காலத்தில் எசமானனின் போதகர், அடிமைகள் கீழ்ப்படியவேண்டும் என்று பவுலைக் கொண்டே பிரசங்கித்து வந்தார். விடுதலை கிடைத்தால் அப்பகுதியை இனி வாசிப்பதில்லை என்று அவ்வம்மையார் தமக்குள் உறுதி செய்துகொண்டிருந்தார். அவர் மேடையேறவில்லை, போதகரோடு வாதிடவுமில்லை. தம் செவிக்குள் எது நுழையலாம் என்பதைத் தாமே தீர்மானித்தார். உள்ளறையின் எதிர்ப்பு என்று நாம் கூறுவது இதனையே.

இப்பார்வையோடு ஸோல் இசையை அணுகுவோமாயின், உலகம் எதைக் கேட்டது, எதைக் கேளாமல் விட்டது என்பது விளங்கும். போதகரின் மகளாகிய அரித்தா பிராங்கிளின் 1967-இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' உரிமைப் போராட்டத்தின் முழக்கமாயிற்று. அதே பாடகி 1972 சனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பாப்திஸ்து ஆலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடிப் பதிவுசெய்த 'அமேசிங் கிரேஸ்' தொகுப்பில், எதிராளி என்று ஒருவரும் இல்லை. ஒரு சொல்லையே நீட்டி நீட்டிப் பாடும் ஆன்மாவும் அதனைத் தாங்கிப் பிடிக்கும் சபையுமே உள்ளனர். போதகர் ஒருவரின் மகனாகிய மார்வின் கே 1971-இல் வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு, வியத்நாம் போரையும் வீதியின் வன்முறையையும் பற்றியது. ஆயினும் அதில் கூச்சல் இல்லை. தம் குரலையே இருமுறை பதிவு செய்து ஒன்றோடொன்று இழைத்து, ஒரு மனிதன் தன்னோடு தானே பேசுவதுபோல் அவர் அமைத்தார். கண்டனம் அங்கே கனிவின் வடிவில் வருகிறது.

1973 ஆகஸ்டு 11-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஒரு வீட்டு விழாவிலிருந்து ஹிப்-ஹாப்பின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இவ்விசை முழக்கத்துக்கே பெயர்பெற்றது. ஆனால் கெண்ட்ரிக் லமார் 2015-இல் வெளியிட்ட தொகுப்பை நோக்குக. அதிலுள்ள 'ஆல்ரைட்' என்னும் பாடலைக் காவல்துறைக் கொலைகளை எதிர்த்து ஊர்வலம் சென்றோர் வீதிதோறும் பாடினர். அதே தொகுப்பில் 'யூ' என்று ஒரு பாடல் உண்டு. தனியறையில் தன்னைத்தானே குற்றஞ்சாட்டி உடைந்து அழும் மனிதனின் குரல் அது. முன்னதை மட்டும் கேட்பவர் ஒரு போராளியைக் காண்பார். பின்னதையும் கேட்பவரே ஒரு மனிதனைக் காண்பார். ஐம்பத்தோராம் சங்கீதத்தின் இருள் வழியே நடந்தவனே நம்பிக்கையைப் பாட உரிமையுடையவன் என்பதை நாம் அறிவோம். 2018-இல் லமாரின் மற்றொரு தொகுப்புக்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. செவ்வியல் இசைக்கும் ஜாஸ் இசைக்கும் புறம்பே இப்பரிசைப் பெற்ற முதல் படைப்பு அது.

4. அரக்கோணத்துப் பேரன்

இவ்விசை இன்று நமக்குத் தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இரவுப் பணிக்குச் செல்லும் காஞ்சி வட்டாரத்து இளைஞர்கள் பேருந்துச் சன்னலோரம் அமர்ந்து, காதுக்குள் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு கேட்கும் பாடல்களுள் இதன் தமிழ் வடிவமும் உண்டு. அதன் முதன்மைக் குரல்களுள் ஒருவராகிய அறிவு, காஞ்சியிலிருந்து இரயில்பாதையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரக்கோணத்துக்காரர்.

2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியாலும் தென்மாவின் இசையமைப்பாலும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முறை மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) வழங்கிய 'சாதிபேதமற்ற' என்னும் சொல்லாட்சியே அப்பெயரின் மூலம். வடசென்னைக் கானாவும் பறையும் ராப்பும் அங்கே ஒன்றாகக் கலந்தன. ஆண்களின் துறையாகக் கருதப்பட்ட கானாவை இசைவாணி என்னும் இளம்பெண் அம்மேடையில் பாடினார். கானா சாவு வீட்டில் வேர்கொண்ட பாட்டு என்பதை நாம் மறத்தலாகாது. முழக்கமும் துயரமும் அதில் பிரிக்கவொண்ணாதவை. இக்குழுவில் பாடிய அறிவு, 2019-இல் ஓஃப்ரோ என்னும் இசைஞரோடு இணைந்து 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். பெயருக்கேற்ப அது தெருவில் நின்று பேசும் குரல்; வினாவும் குற்றச்சாட்டும் நிறைந்தது.

2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' வேறு வகையானது. அதன் பின்னணியில் இருப்பவர் அறிவின் பாட்டியாகிய வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தாயகம் திரும்பிய எண்ணற்றோருள் அவரும் ஒருவர். 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவேண்டும் என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்று விடப்பட்டது. மனிதரைக் கணக்குப் புத்தகத்தில் பிரித்துக்கொண்ட அந்நாளில், தேயிலைத் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி என்ன நினைத்தாள் என்று கேட்டவர் யார்? அக்கேள்விக்குப் பேரன் தேடிய விடையே இப்பாட்டு.

திறனாய்வாளர் பலர் இதனை எதிர்ப்புப் பாடல் என்றே வகைப்படுத்தினர். அது தவறன்று, ஆனால் போதாது. பாட்டில் ஒடுக்குவோன் பெயரிட்டு அழைக்கப்படவே இல்லை என்பதை முதலில் நோக்குக. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய முன்னோரையும், பறவையையும் விலங்கையும் மரத்தையும் அது அழைக்கிறது. நிலம் இவை யாவற்றுக்கும் பொது என்கிறது. 'எஞ்சாமி' என்னும் சொல்லையும் நோக்குக. நம் கிராமங்களில் கூலியாள் கைகட்டி நின்று நிலக்கிழாரைச் 'சாமி' என்று விளித்த கொடுமையை நாம் அறிவோம். அதே சொல் பாட்டி மடியில் பேரனைக் கொஞ்சும் சொல்லாகவும் இருந்து வந்திருக்கிறது. பாட்டு அச்சொல்லைக் கழனி வரப்பிலிருந்து எடுத்துத் தொட்டிலுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. வசைக்கு வசை என்று விடை தராமல், பறிபோன சொல்லை வீட்டுக்குள் மீட்டுக்கொள்ளும் இச்செயல், நான்சி அம்புரோஸ் அம்மையாரின் மறுப்புக்கு நெருங்கிய உறவு உடையது.

பாட்டின் உள்ளம் அதன் ஒப்பாரிப் பகுதியில் இருக்கிறது. தான் வளர்த்த மரங்களையும் தோட்டத்தையும் நினைத்து, அவற்றின் வளம் தன்னை எட்டாத குறையை ஒரு பெண் முறையிடுகிறாள். உரத்த தாளம் சற்றே விலகி நிற்கும் இடம் அது. திருமண வீடுகளிலும் கல்லூரி விழாக்களிலும் இப்பாட்டுக்கு ஆடுவோரை நாம் கண்டிருக்கிறோம். இவ்விடத்தில் ஆட்டம் தயங்குவதைக் கண்டது அரிது. இதில் படைப்பின் பொறுப்பும் உண்டு எனலாம். துள்ளும் பல்லவியும் பளபளக்கும் ஒலியமைப்பும் ஒப்பாரியை மூடிவிடும் அளவுக்கு வலிமையாக உள்ளன. பாட்டு உலகெங்கும் பரவியபின் அதன் படைப்புரிமை யாருக்கு எவ்வளவு என்ற விவாதமும் பொதுவெளியில் எழுந்தது. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. உள்ளறையில் பிறந்த ஒன்று சந்தைக்கு வரும்போது, அவ்வறைக்கு உரியவள் மறக்கப்படும் ஆபத்து என்றும் உண்டு என்பதை மட்டும் குறிக்கிறோம். 2024-இல் அறிவு வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டமை கருதத்தக்கது. தலைவன் என்றோ போராளி என்றோ சொல்லிக்கொள்ளாமல், பேரன் என்று அவர் தம்மை அறிமுகம் செய்துகொள்கிறார்.

இப்பாட்டின் நிலம் நமக்கு அயலானதும் அன்று. காஞ்சிபுரம் அடங்கிய அந்நாள் செங்கற்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, இம்மண்ணின் பறையர் நிலமின்றி வாழ்ந்த அவலத்தை அரசுக்கு எடுத்துரைத்தது. 1892-இன் அரசாணையும், பஞ்சமி நிலம் என்று நாம் வழங்கும் ஒப்படைப்புகளும் அதன் விளைவுகள். ஸ்காத்லாந்துச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கவுடி முதலிய மிஷனெரிகள் அக்காலத்தில் இம்மக்களின் நிலவுரிமைக்காக வாதாடினர். அந்நிலங்களுள் பெரும்பகுதி பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றது. நம் முன்னோடிகள் இம்மக்களின் நிலத்தைப் பற்றி எழுதினர். அவர்தம் பாட்டைக் கேட்கவில்லை.

5. தலித் இறையியல் கேட்டதும் கேளாததும்

1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஏ. பி. நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. தலித் மக்களின் நோவே இறையறிவின் வாயில் என்று அவர் கற்பித்தார். செங்கற்பட்டு வட்டாரச் சிற்றூர்களில் ஊழியம் செய்த சத்தியநாதன் கிளார்க், 1998-இல் வெளியிட்ட நூலில் பறையையே கிறிஸ்துவைச் சுட்டும் குறியீடாக எடுத்து விளக்கினார். எழுத்து மறுக்கப்பட்ட மக்கள் தோலின்மேல் தம் இறையியலை எழுதினர் என்பது அவர் கருத்தின் சாரம் எனலாம். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை அண்ணன் என்று மாணவர் அன்போடு அழைத்தவர், கிராமத்துப் பேச்சுமொழியிலும் நாட்டுப்புற மெட்டிலும் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். அக்கல்லூரி வளாகத்தில் தடையின்றிப் பறை ஒலித்ததற்கு அவரைப் போன்றோரே காரணம். 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ஓசை நாட்டின் மரியாதையைப் பெற்றுவிட்டது.

இவையெல்லாம் நன்றியோடு ஏற்கத்தக்கவை. ஆயினும் நம் வகுப்பறைகளில் இம்மரபு எங்ஙனம் சுருங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். நோவு என்பதை மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தலித் மனிதர் நோவால் மட்டுமே ஆனவர் என்று எண்ணத் தலைப்படுகின்றனர். கல்லூரி விழாவில் பறை முழங்குகிறது, விருந்தினர் கைதட்டுகின்றனர், அடுத்த நிகழ்ச்சி தொடர்கிறது. திண்ணையிருளில் பாடிய பெண்களின் முருங்கை மரத்துக்கும் வெள்ளாட்டுக்கும் இவ்விரண்டிலும் இடமில்லை. நோவை மட்டும் கேட்கும் இறையியல் அம்மக்களைப் பரிதாபப் பொருளாக்குகிறது. முழக்கத்தை மட்டும் கேட்கும் இறையியல் அவர்களை நம் கொள்கைக்குப் படைவீரராக்குகிறது. இரண்டும் அவர்களை ஒடுக்குவோனின் முகத்தையே நோக்கி நிற்கச் செய்கின்றன. தன் பேரனுக்குச் செல்லப்பெயர் இட்டு மகிழும் நேரத்தில் அப்பாட்டி எவனையும் நோக்கி நிற்கவில்லை. கடவுள் தந்த முகத்தோடு அவள் அவளாகவே இருந்தாள்.

6. ஓர் ஆட்சேபம்

மௌனத்தை உயர்த்திப் பேசுவது அடங்கிப்போகக் கற்பிப்பதாகாதா என்று உடன் ஊழியர் கேட்கக்கூடும். கேட்கவும் வேண்டும். 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, நம் ஆலயங்கள் கிறிஸ்து பிறப்பின் பாடல்களால் நிறைந்திருந்த அவ்விரவில், கீழ்வெண்மணியில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுக்காக எழாத குரல்களின் மௌனத்தை எவரும் புகழவியலாது. அறிவு, ஓஃப்ரோ இருவரும் 'கள்ள மௌனி' என்னும் பாடலைச் செய்தவர்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. கண்டும் காணாதவர்போல் இருப்பாரின் அமைதி உள்ளறை அன்று. அது பூட்டிய கதவு.

ஆகவே மௌனத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். அது யாருடைய உடைமை என்பதே அவ்வளவுகோல். நாம் பறையை நிறுத்தச் சொன்னபோது அவ்வாசலில் விழுந்த மௌனம் நம்முடையது; நாமே அதனைச் சுமத்தினோம். இருட்டிய பின் திண்ணையில் எழுந்த தாழ்ந்த குரல் அப்பெண்களுடையது. அவர்களே அதனைத் தேர்ந்துகொண்டனர். முதலாவது ஒடுக்குமுறை, இரண்டாவது அதற்கு அகப்படாத விடுதலை. சுமத்திய மௌனத்தைக் கண்டிப்பது நம் கடமை. தேர்ந்துகொண்ட அமைதியை முழக்கமாக மாறும்படி வற்புறுத்துவது நம் கடமையன்று. அதுவும் ஒருவகை ஆதிக்கமே.

மேலும், உள்ளறை போராட்டத்துக்குப் பகையும் அன்று. சீலோவின் கதை மௌன மன்றாட்டோடு முடிவதில்லை. அடுத்த அதிகாரத்தில் அதே அன்னாள் வாய் திறந்து பாடுகிறாள். வில்லாளர் வீழ்வதையும், பசித்தவர் நிறைவதையும், எளியவர் குப்பையிலிருந்து உயர்வதையும் பாடுகிறாள். மரியாளின் பாட்டுக்கு அதுவே முன்மாதிரி. உலகைத் தலைகீழாக்கும் அப்பாட்டு, சத்தம் வெளிவராத அந்த மன்றாட்டில் வேர்கொண்டது. முன்னதை அதட்டி அடக்கியிருந்தால் பின்னதும் பிறந்திராது.

7. ஊழியருக்கு

திறனாய்வு நம் ஊழியத்தைத் தொடாமல் முடிதல் தகாது. முதலாவது, அடக்க ஆராதனைகளில் ஒப்பாரியைத் தடைசெய்யும் வழக்கத்தை நம் சபைகள் மறுபரிசீலனை செய்யவேண்டும். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை கல்லறையண்டை நின்று அழுத மகதலேனா மரியாளின் கண்ணீரை விலக்கவில்லை. இரண்டாவது, பிரசங்கம் செய்யக் கற்பிக்கும் நாம், கேட்கவும் கற்பிக்கவேண்டும். கிராம ஊழியப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர், முதல் மாதம் பேசாமல் பாட்டிமாரின் பாட்டுகளைக் கேட்டு வந்தால் போதும் என்று விதிக்கலாம். மூன்றாவது, கேட்டவற்றை உடனே மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவர விரையலாகாது. சில பாட்டுகள் நமக்காகப் பாடப்பட்டவை அல்ல என்று அறிந்து, வாசலிலேயே நிற்பதும் பயபக்தியே. நான்காவது, நம் இளைஞர் காதுக்குள் கேட்கும் பாட்டை உலகப்பாட்டு என்று ஒதுக்குமுன், அதில் அவர்கள் யாரோடு பேசுகிறார்கள் என்று கேட்டறிவோமாக. ஒருவேளை அவர்கள் தங்கள் பாட்டிகளோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்றிரவு நாம் குடையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். திண்ணையோரத்தில் சற்று நேரம் அமர்ந்திருக்கலாம், அமரவில்லை. அவ்வீட்டில் கேட்டிருக்க வேண்டியதை, பல ஆண்டுகள் கழித்து அரக்கோணத்துப் பேரனின் பாட்டிலும் தர்மனின் நூலிலும் கேட்டு அறிந்தோம். அன்னாள் தன்னை விளக்கியபோது ஏலி தன் பிழையை ஒப்புக்கொண்டு அவளுக்குச் சமாதானம் கூறினான். அவனிடமிருந்து நாம் கற்கவேண்டியது அதுவே. கர்த்தரோ அவன் விளங்கிக்கொள்ளும்வரை காத்திருக்கவில்லை. உதடுகளின் அசைவையே பாட்டாகக் கேட்டருளினார்.